ஒரு மழைக்காலத்துக்கு மட்டும்

பூந்தமல்லி ஏரிக்கரை
14.10.2024

என் அண்ணன் பூபாலனுக்குத் தங்கச்சி கோமளா எழுதுவது.

நீயும் அண்ணியும் அகல்யாவும் சுகமா? வீட்டுக்கு போன் போட்டு வேறு யாராவது எடுத்தால் ராங் நம்பர் என்று வைத்துவிடச் சொன்னாயே. ராங் நம்பராக இருந்து அலுத்துவிட்டது. அதனால்தான் உன் அம்பத்தூர் ஆபீஸ் விலாசத்துக்கு எழுதுகிறேன்.

என் பிள்ளை மோகனப்பிரியாவை நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினார்கள். மறுபடியும் நிமோனியா. டாக்டரம்மா நல்ல மாதிரி. "மருந்து நான் தர்றேம்மா. ஈரத்தரையில படுக்க வெச்சா திரும்ப வரும். அடுத்த தடவை புள்ள தாங்காது" என்றார். நம் இருளர் குடிசைகள் இருக்கும் லட்சணம் உனக்குத் தெரியாததா? பட்டா கேட்டு மனு கொடுத்தே என் தலை நரைத்துவிட்டது. ஏரிப் புறம்போக்காம். கரண்டு இல்லை, குழாய் இல்லை, சேற்றின்மேல் பாய் போட்டுப் படுக்கிறோம்.

இந்த மழைக்காலத்துக்கு மட்டும் பிள்ளையை உன் வானகரம் பிளாட்டில் வைத்துக்கொள் அண்ணா. ஒரு மூலை போதும். ஒன்பது வயசுப் பிள்ளை எவ்வளவு தின்றுவிடப் போகிறது? தை பிறந்ததும் நானே வந்து கூட்டிக்கொள்கிறேன்.

உன் தங்கச்சி
கோமளா

அம்பத்தூர்
23.10.2024

அன்புத் தங்கை கோமளாவுக்கு,

படித்ததிலிருந்து மனசே சரியில்லை. குழந்தைக்குத் தண்ணீரைக் காய்ச்சிக் கொடு. முட்டை கொடு. தரையில் விடாதே, கட்டில் போடு. ஆபீஸ் பியூன் ஜஸ்டினிடம் தார்ப்பாயும் ஹார்லிக்ஸும் கொடுத்தனுப்புகிறேன். யாரோ தெரிந்தவர்கள் என்று சொல்லியிருக்கிறேன், நீயும் அப்படியே இரு.

அகல்யாவுக்கு நல்ல வரன் கூடியிருக்கிறது. நாம் இருளர் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தால் நின்றுபோகும். வாராவாரம் வந்து போகிறார்கள். இந்தக் குழந்தை யார் என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? நிச்சயதார்த்தம் முடியட்டும், நானே வந்து அழைத்துப் போகிறேன். என்னைத் திட்டாதே.

பூபாலன்

ஏரிக்கரை
10.11.2024

அண்ணா,

ஜஸ்டின் வந்தார். பாவம், ஒரு செருப்பைச் சேற்றில் விட்டுவிட்டுப் போனார். நீ சொன்னபடி பக்கத்துக் குடிசைக் கட்டிலை வாங்கிப் போட்டேன். ஒரு கால் சேற்றில் இறங்கிச் சாய்ந்துவிட்டது. தண்ணீர் காய்ச்சினால் ஈர விறகுப் புகையில் இன்னும் இருமுகிறாள். நீயும் இங்கே வளர்ந்தவன்தானே, தெரியாமலா எழுதினாய்? எனக்குக் கோபம்தான்.

கேட்டால் என்ன சொல்வது என்றாயே, நானே யோசித்துவிட்டேன். வேலைக்காரி மகள் என்று சொல். பிள்ளைக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டேன், உன்னை சார் என்றுதான் கூப்பிடுவாள். நேற்றுச் சொல்லிப் பார்த்தவள் சிரித்துவிட்டாள். "மாமாவ இன்னாத்துக்கும்மா சாருன்னு கூப்டணும்?" என்றாள். அதட்டிவிட்டேன்.

சீக்கிரம் வா அண்ணா. ராத்திரியில் மூச்சு வாங்குகிறாள்.

கோமளா

அம்பத்தூர்
19.11.2024

கோமளா,

உன் கடிதத்தை பாத்ரூமில் வைத்துப் படித்து அழுதேன். நீ சொன்னபடியே செய்வோம். வருகிற 29, வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். சம்பந்தி வீட்டார் இப்போதே வந்து நம் வீட்டில்தான் தங்கியிருக்கிறார்கள். அது முடிந்த அடுத்த வாரம் கட்டாயம் வருகிறேன். அதுவரை பொறுத்துக்கொள்.

அண்ணன்

ஏரிக்கரை
2.12.2024

பூபாலன் அவர்களுக்கு,

நீங்கள் வர வேண்டாம். மோகனப்பிரியா புதன்கிழமை விடியலில் போய்விட்டாள். குடிசைக்குள் ஏரித் தண்ணீர் வந்ததால் எல்லோரும் கரைமேல் தார்ப்பாய்க்கடியில் நின்றோம். அவளைக் கீழே விடவில்லை, மடியில்தான் வைத்திருந்தேன். ஆம்புலன்ஸ் ரோட்டோடு நின்றுவிட்டது, கரைக்கு வரப் பாதை ஏது? தூக்கிக்கொண்டு ஓடினேன். வண்டிக்குப் போய்ச் சேரும்முன் தலை சாய்ந்துவிட்டது.

உங்கள் வீட்டு நல்ல காரியம் கெடக் கூடாது என்று சேதி சொல்லவில்லை.

குழியில் இறக்கும்முன் தாய்மாமன் கோடித் துணி போட வேண்டுமே. மாமனுக்குச் சொல்லியாகிவிட்டதா என்று பெரியவர் கங்காதரன் கேட்டார்.

"எனக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் இல்ல" என்றேன்.

இங்கே உங்களைத் தெரியாதவர் யார்? ஆனாலும் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. கங்காதரன் தன் தோள் துண்டை எடுத்துப் பிள்ளைமேல் போர்த்தினார்.

அகல்யாமேல் எனக்கு வருத்தமில்லை, நன்றாக இருக்கட்டும். கல்யாணத்தைப் பயமில்லாமல் நடத்துங்கள். மறைக்க இனி உங்களுக்கு இங்கே யாரும் இல்லை.

கோமளா