டேங்க் நிரப்பிய எடை

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் இங்கே நலம். நீயும் மருமகளும் அங்கே நலமாக இருப்பீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் அதற்கும் பதினோரு கட்டம் போட்டு ஓர் அட்டவணை அனுப்பியிருப்பாய். மோட்டார் சைக்கிளுக்காக நீ போட்ட அட்டவணையை உன் மாமா தன் மூக்குக்கண்ணாடிக் கடையிலேயே அச்செடுத்துக் கொண்டுவந்து கொடுத்தான். உன் அப்பா அதைச் சத்தமாகப் படித்தார். பெரிய வண்டியைப் பற்றிப் படித்துவிட்டுச் சரிதான் என்றார், சின்ன வண்டியைப் பற்றிப் படித்துவிட்டும் சரிதான் என்றார். நாற்பது வருஷமாக அவர் சொல்லும் கருத்து அது ஒன்றுதான், ஆனால் உங்கள் எல்லாரையும்விட அவர் எவ்வளவோ மேல், தெரியாத விஷயத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரிந்தவர்.

முதலில் உன் மனக்கணக்கைச் சரி செய்கிறேன். எடை இயந்திரம் சரிபார்க்கப் போன மீன் குளிர்கிடங்கு வாசலில் நான் வண்டியோடு விழுந்ததை நான் உனக்குச் சொல்லவில்லை. கிடங்கின் காவலாளி சொல்லியிருக்கிறார். மாதாமாதம் நீ அவருக்குப் போன் செய்கிறாய் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பெற்ற தாய்க்கு வேவு வைத்த பிள்ளை நீ. வைத்ததுதான் வைத்தாய், காது கேட்கிற ஆளாகப் பார்த்து வைத்திருக்கலாம். அவர் நீ என்ன கேட்டாலும் ஆமாம் என்பார். அம்மாவுக்கு அடி பட்டதா என்றிருப்பாய், ஆமாம் என்றிருப்பார். அடி எதுவும் படவில்லை. நான் வேகமாகவும் போகவில்லை, யார் மீதும் மோதவில்லை. இடித்துப் போட்ட ஜல்லியில் நிறுத்தக் காலை ஊன்றினேன், கல் நகர்ந்தது, வண்டி சாய்ந்தது, அவ்வளவுதான். இரண்டு பக்கப் பெட்டியிலும் இருபது இருபது கிலோ எடைக்கல் இருந்தது. பெட்டிகளைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வண்டியைத் தூக்கப் போனேன். வரவில்லை. மறுபடியும் முயன்றேன், வரவில்லை. கடைசியில் காவலாளி வந்து தூக்கினார். பழைய வண்டியின் சட்டம் அன்றைக்கு விரிசல் விட்டது, இனி அதற்குப் பாகம் கிடைக்காது என்று பட்டறைக்காரர் கையை விரித்துவிட்டார். நடந்தது இதுதான். அதற்கு நீ போனில், "போதும்மா, இந்த வயசுல எதுக்கும்மா இதெல்லாம், நீ விழுந்தா யாரும்மா தூக்குவா?" என்று அழாத குறையாகக் கேட்டாய். நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். வண்டியை விட்டால் என் வேலை போய்விடும், நாற்பது கிலோ இரும்பைத் தூக்கிக்கொண்டு எந்தப் பஸ்ஸில் ஏறுவேன் என்று உனக்குத் தெரியும், தெரிந்தும் கேட்டாய். அப்புறம் மனம் கேட்காமல் ஒரு வாரம் உட்கார்ந்து அட்டவணை போட்டு, வாங்குவதானால் பெரியதை வாங்கு, அதில்தான் பாதுகாப்பு அதிகம் என்று எழுதியிருக்கிறாய். உன் மாமாவோ எனக்குச் சின்னதே போதும் என்கிறான். இரண்டு சக்கரத்தில் கால் வைக்காத இரண்டு ஆண்பிள்ளைகள் எனக்கு வண்டி பார்த்த லட்சணத்தை இனிமேல் கேள்.

கடைக்கு மாமாவும் வந்தான், வராதே என்று சொல்லியும் வந்தான். கதவைத் திறந்தவுடன் கழுத்தில் டை கட்டிய விற்பனையாளர் ஒருவர் சிரித்துக்கொண்டே வந்து, "ஆன்ட்டி, ஸ்கூட்டர் எல்லாம் அந்தப் பக்கம்" என்றார். வண்டி எனக்கு என்றேன். "ஓ, சூப்பர் ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு மாமாவைப் பார்த்துக் குதிரைத்திறன் பேச ஆரம்பித்துவிட்டார். மாமாவும் ஏதோ புரிந்ததுபோலத் தலையாட்டிக் கேட்கிறான். அவனுக்கு வண்டியில் தெரிந்த பாகம் பக்கக் கண்ணாடி ஒன்றுதான், அதுவும் தலை சீவுவதற்கு. வால்வு இடைவெளி எத்தனை என்று நான் கேட்டேன். டைக்காரர் அதற்குக் கையேடு இருக்கிறது என்றார். அதற்கப்புறம் என்னிடம் பேசினார், ஆனால் குழந்தையிடம் பேசுவதுபோல ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசினார்.

இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன். உண்மையை எழுதிவிடுகிறேன், எனக்குப் பெரியதுதான் பிடித்தது. புறவழிச் சாலையில் லாரியைத் தாண்டும்போது கியரைக் குறைக்க வேண்டியிருக்கவில்லை, கையை லேசாகத் திருப்பினேன், லாரி பின்னால் போய்விட்டது. நான் முப்பது வயதில் ஆசைப்பட்ட வண்டி அது, அப்போது வாங்கவில்லை, காரணம் உனக்கு நான் சொல்ல மாட்டேன், அந்த வருஷம்தான் நீ பிறந்தாய். சின்னதின் சத்தம் சமையலறை மிக்சி மாதிரி இருக்கிறது. அதன் முன்னால் மணிக்கூண்டு மாதிரி ஒரு திரை, அதில் எனக்குப் போன் வந்தால் யார் என்று காட்டுமாம். வண்டி ஓட்டும்போது யார் கூப்பிட்டாலும் எனக்கு ஒன்றுதான். ஆனால் கடைக்குப் பின்னால் இருந்த ஜல்லியில் இரண்டையும் மெதுவாகத் திருப்பிப் பார்த்தபோது சின்னது சொன்ன பேச்சைக் கேட்டது, பெரியது என்னிடம் ஒரு நிமிஷம் யோசிக்க அவகாசம் கேட்டது.

இனி உன் அட்டவணைக்கு வருகிறேன். பெரியது நூற்றி எண்பத்தொன்பது கிலோ, சின்னது நூற்றி ஐம்பத்திரண்டு கிலோ, வித்தியாசம் வெறும் முப்பத்தேழு, அதெல்லாம் ஒன்றும் தெரியாதும்மா என்று ஓரத்தில் வேறு எழுதியிருந்தாய். இருபத்தாறு வருஷமாக எடை இயந்திரம் பழுதுபார்க்கிறவளுக்கு எடை எழுதி அனுப்புகிறாய். வண்டிக் கடைக்குப் பக்கத்துக் கட்டடம் பார்சல் அலுவலகம். அங்கே இருக்கும் எடை மேடையைப் போன மாதம் நான்தான் பிரித்துச் சரிசெய்தேன், ஐம்பது கிராம்கூடப் பொய் சொல்லாது. இரண்டு வண்டியையும் அங்கே தள்ளிக்கொண்டு வாருங்கள் என்றேன். டைக்காரர், "இதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க ஆன்ட்டி" என்றார். அதனால்தான் நான் கேட்கிறேன் என்றேன். இரண்டு டேங்கையும் நிரப்பச் சொன்னேன், மேடையில் ஏற்றினேன். சின்னது சரியாக நூற்றி ஐம்பத்திரண்டு. பெரியது இருநூற்றிப் பதினொன்று. இருபத்திரண்டு கிலோ எங்கிருந்து முளைத்தது என்றேன். டைக்காரர் டையைச் சரிசெய்துகொண்டு, "அது வந்து ஆன்ட்டி, புத்தகத்துல இருக்கறது பெட்ரோல், ஆயில், பேட்டரி எதுவும் இல்லாத எடை" என்றார். அதாவது நீ ஒரு வண்டியைப் பட்டினி போட்டும் இன்னொன்றை வயிறு முட்டச் சாப்பிட வைத்தும் நிறுத்திருக்கிறாய். கடையில் தராசுத் தட்டுக்கு அடியில் புளி ஒட்டுகிறவனைக்கூட நான் மதிப்பேன், அவனுக்குத் தான் செய்வது என்ன என்று தெரியும். நீ பெரிய படிப்புப் படித்தவன், கீழே பொடி எழுத்தில் இருந்ததைப் படிக்கவில்லை. உன் மாமா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான், அவனும் படிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் இரண்டு வண்டியையும் படுக்க வையுங்கள் என்றேன். டைக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. "படுக்க வைக்கறதா? ஐயோ, கீறல் விழுந்துடும் ஆன்ட்டி." மேலாளர் ஓடி வந்தார். மாமா என் காதருகில், "அக்கா, மானத்தை வாங்காத, வா வீட்டுக்குப் போலாம்" என்றான். ஓடுகிற வண்டியை எல்லாரும் ஓட்டிப் பார்க்கிறார்கள், விழுந்த வண்டியோடு நான் இருக்கப்போகிறவள், அதை விழுந்த நிலையில் பார்க்காமல் வாங்க மாட்டேன் என்றேன். கடைசியில் வண்டி பார்சலில் வந்த நுரைமெத்தையை எடுத்துவந்து தரையில் போட்டார்கள், பெரியதை மூன்று பேர் பிடித்து மெதுவாகப் படுக்க வைத்தார்கள். நான் ஹேண்டிலைத் தரைப்பக்கம் முழுசாகத் திருப்பினேன், கியரில் போட்டேன், சீட்டுக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கையில் ஹேண்டிலும் மறு கையில் பின் கம்பியும் பிடித்து, முதுகை வளைக்காமல் பின்னோக்கிச் சின்னச் சின்ன அடியாக நடந்தேன். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, விழுந்து விழுந்து கண்டுபிடித்தது. வண்டி எழுந்து நின்றது. கடையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள், உன் மாமாவும் வெட்கமில்லாமல் தட்டினான். டைக்காரர், "மேடம், பெரியதையே புக் பண்ணிடலாமா?" என்றார். ஆன்ட்டி அந்த நிமிஷம் மேடம் ஆகிவிட்டாள்.

மறுபடியும் படுக்க வையுங்கள் என்றேன். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை, உனக்குப் புரிகிறதா பார். நான் காலையில் சாப்பிட்டுவிட்டு, கோபத்தோடு, பத்துப் பேர் பார்க்கத் தூக்கினேன். வண்டி அப்படி விழாது. நாலு கடையில் எடைக்கல்லை ஏற்றி இறக்கிக் கை சோர்ந்த பிறகு, ஒருவரும் இல்லாத கிடங்கு வாசலில்தான் விழும். இரண்டாவது முறை வண்டி என் முழங்கால் உயரத்துக்கு வந்து நின்றுவிட்டது. மேலே போகவில்லை, கீழேயும் விட முடியவில்லை. டைக்காரர் ஓடி வந்தார், தொடாதீர்கள் என்று கத்தினேன். நானாகவே மெதுவாக இறக்கி வைத்தேன். யாரும் கைதட்டவில்லை. முதல் முறை தூக்கியது என் கோபம், இரண்டாவது முறை தூக்கப் பார்த்தது நான். கொஞ்ச நேரம் அந்த மெத்தையின் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தேன், வண்டியைப் பார்த்துக்கொண்டு. மேலாளர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், பிறகு குடித்தேன்.

அதே கையோடு சின்னதைப் படுக்க வைக்கச் சொல்லி மூன்று முறை தூக்கினேன். மூன்று முறையும் வந்தது. அதைத்தான் எடுத்திருக்கிறேன். உடனே உன் மாமா, "நான் அப்பவே சொன்னேன்ல அக்கா, உனக்கு வயசாகுதுன்னு" என்று பல்லைக் காட்டினான். என் வயிற்றெரிச்சல் வண்டியில் இல்லை, அவன் சொன்ன வண்டியே எனக்கு வாய்த்ததில்தான் இருக்கிறது. வயசானவளுக்குச் சின்னது போதும் என்பது அவன் காரணம். அது தப்பு. விடை மட்டும் சரியாக வந்துவிட்டது, குருட்டுத்தனமாகக் கணக்குப் போட்டவனுக்கு மதிப்பெண் கிடையாது. வீட்டுக்கு வந்ததும் இருபது கிலோ எடைக்கல் ஒன்றை அவன் கையில் கொடுத்து மாடிக்குக் கொண்டுபோய் வை என்றேன். நாலாவது படியில் உட்கார்ந்துவிட்டான். வயசு அவனுக்குத்தான் ஆகிறது.

பின் சீட்டைக் கழற்றிவிட்டேன், அங்கே பெட்டிகளுக்குச் சட்டம் பொருத்தியாகிவிட்டது. இனி உங்களை ஏற்றிக்கொள்ள இடமில்லை என்று உன் அப்பாவிடம் கொஞ்சம் தயக்கத்தோடுதான் சொன்னேன். அந்த மனுஷர், "அப்பாடா, இத்தனை வருஷமா கண்ணை மூடிக்கிட்டுத்தான் உக்காந்திருந்தேன்" என்றார். இதற்குக்கூட ஒரு சரிதான் சொல்லவில்லை. நாளையிலிருந்து வேலைக்குப் போகிறேன். முதல் நாள் குளிர்கிடங்கு, ஜல்லியை இன்னும் அள்ளவில்லையாம். அள்ள வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

நீ நன்றாக இரு. மருமகளை நேரத்துக்குச் சாப்பிடச் சொல், நீயும் கணினியைப் பார்த்துக்கொண்டே சாப்பிடாதே. உங்கள் இருவருக்கும் உடம்பும் மனமும் கெடாமல் இருக்கட்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன், கோபமாக இருக்கும் நாளிலும் நினைத்துக்கொள்கிறேன். காவலாளிக்குப் போன் செய்வதை இன்றோடு நிறுத்து, கேட்க வேண்டியதை என்னிடம் கேள், எனக்குக் காது நன்றாகக் கேட்கிறது. உன் அட்டவணையை இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். எடையைப் பென்சிலால் அடித்துத் திருத்தியிருக்கிறேன். பதினோரு கட்டம் போட்ட நீ போனில் என்னைக் கேட்ட கேள்விக்கு ஒரு கட்டம் போடவில்லை, அதனால் ஓரத்தில் பன்னிரண்டாவதாக ஒன்றை நானே கோடு போட்டுச் சேர்த்திருக்கிறேன். விழுந்தால் யார் தூக்குவது. பெரிய வண்டிக்கு நேரே காவலாளி என்று எழுதியிருக்கிறேன். சின்ன வண்டிக்கு நேரே நான்.

இப்படிக்கு,
உன் அம்மா