சம்பந்தி கையில் கத்தரி

இன்று காலை மல்லிகையை வெட்டப் போய்த் துணிக்கொடியை வெட்டிவிட்டேன். என் வேட்டியும் வீட்டுக்காரியின் சேலையும் குழாயடிச் சேற்றில் விழுந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற பக்கத்து வீட்டுத் தங்கச்சிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஏண்ணே, செடி பூக்கலைன்னு சேலையவா கவாத்துப் பண்றீக?" என்றது. நானும் சேர்ந்துதான் சிரித்தேன். சிரிப்பு அடங்கின பிறகு, அதற்கு முன்னால் வெட்டியிருந்த கொப்பிலிருந்து ஒரு பச்சை வாடை வந்தது. கார்த்திகை தவறாமல் உங்கள் கையில் இருக்கும் வாடை. நீங்கள் இல்லாத முதல் கார்த்திகை இது, சம்பந்தி.

மகளை உங்கள் வீட்டுக்குக் கட்டிக்கொடுத்த வருசம் திருப்பத்தூரிலிருந்து தனியாக பஸ் ஏறி வந்தீர்கள். மாப்பிள்ளையின் அப்பா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றால் பெண்ணைக் கொடுத்தவனுக்கு எப்படி இருக்கும்? பிள்ளை அங்கே என்ன தப்புப் பண்ணியதோ என்று உங்கள் முகத்தையே பார்த்தேன். நீங்கள் பையைத் திறந்தீர்கள். உள்ளே ஒரு கத்தரி.

"கல்யாணத்தப்பவே பாத்தேன் சம்பந்தி. கொல்லையில மல்லிகை காடாக் கெடந்துச்சு. நல்லது நடக்குற வீட்டுல வெட்டு குத்துன்னு பேசப்படாதேன்னு விட்டேன். இப்ப வெட்டட்டுமா?"

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் ஏது? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஆள் உயரச் செடியை முழங்கால் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள். காய்ந்தது, உள்ளுக்குள் பின்னிக் கிடந்தது எல்லாம் போய், இலையையும் உருவிவிட்டீர்கள். "புதுக் கொப்புலதான் பூ வரும், பழசுக்குப் பாவம் பாக்கப்படாது" என்றீர்கள். அடுப்படியில் என் வீட்டுக்காரி என் கையைக் கிள்ளினாள். "அவுக கையில போயி வேலையக் குடுத்துருக்கீக. இது அவுக வீட்டுக்குத் தெரிஞ்சா நம்ம பிள்ளையத்தான் பேசுவாக!" அந்த நேரம் பார்த்துச் சுவருக்கு மேலே ஒரு தலை. "என்னண்ணே, சம்பந்திக்குச் சம்பளம் எம்புட்டு?"

"சாப்பாடு போட்டுத்தான் சம்பளம் தாயி" என்று நீங்கள் சிரித்தீர்கள். எனக்கோ மானம் போனது. ஓடிப்போய்ப் பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துவந்து உங்கள் பின்னால் போட்டேன். நீங்கள் செம்பருத்திக்குப் போனால் நாற்காலியும் செம்பருத்திக்கு. அரளிக்குப் போனால் அரளிக்கு. கோயில் வாகனத்துக்குப் பின்னால் குடை பிடிக்கிறவன்கூட அவ்வளவு அலைந்திருக்க மாட்டான்.

பங்குனியில் கூடை கூடையாய்ப் பூத்தது. கிள்ளின கையாலேயே என் வீட்டுக்காரி தெருவுக்கெல்லாம் தொடுத்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு கார்த்திகை பிறந்தால் நீங்கள் வந்துவிடுவீர்கள். நானும் நாற்காலியோடு தயாராக இருப்பேன்.

"அதப் போட்டுட்டு இங்குட்டு வந்து இந்தக் கொப்பப் பிடிங்க சம்பந்தி" என்று ஒவ்வொரு தடவையும் கூப்பிட்டீர்கள்.

"நல்லா இருக்குங்க! மொதல்ல காப்பியக் குடிங்க" என்பேன்.

படிப்பு எனக்கு ஒன்பதாவதோடு நின்றுபோனது. மரியாதையில் மட்டும் மேல்படிப்பு.

போன கார்த்திகையில் நெஞ்சுக்கு வைத்தியம் பார்த்த உடம்போடு வந்தீர்கள். பஸ்ஸிலிருந்து இறங்கவே கம்பியைப் பிடித்துக்கொண்டீர்கள். கொல்லைக்கு வந்ததும் நான் சொல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். இதை எழுதக் கூசுகிறது. அன்றைக்கு எனக்குச் சந்தோசமாக இருந்தது. ஒருவழியாக உட்கார்ந்துவிட்டார், இனி மகளுக்கு ஒரு சொல் வராது என்று நினைத்தேன். உங்களுக்கு ஏன் நிற்க முடியவில்லை என்று நினைக்கவில்லை.

கத்தரியை நீட்டினீர்கள். "இந்த வருசம் நீங்க வெட்டுங்க. நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

எந்தக் கொப்பு, எந்தக் கணு, ஒன்றும் எனக்குத் தெரியாது. மாப்பிள்ளையின் அப்பா முன்னால் தப்பாக வெட்டி நிற்பதா? "ஆள் சொல்லி வச்சிருக்கேன் சம்பந்தி, நாளைக்கு வந்துருவான்" என்றேன். அப்படி ஒரு ஆளே கிடையாது. "அப்ப இது இங்கேயே கெடக்கட்டும்" என்று கத்தரியை ஜன்னல் திட்டில் வைத்தீர்கள். தை பிறந்து கொஞ்ச நாளில் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

கருமாதி முடிந்து உட்கார்ந்திருந்தபோது மகள் சொன்னாள். "மாமா கத்தரியச் சாணை பிடிக்கையில எல்லாம் சொல்லுவாகப்பா, காரைக்குடியில எனக்கு ஒரு சேக்காளி இருக்காரு, என்ன, உக்காரச் சொல்லியே உசுர வாங்குறாருன்னு." இருந்தவர்கள் எல்லாரும் அந்த நேரத்திலும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். பிறகு குழாயடிக்குப் போய் ரொம்ப நேரம் முகம் கழுவினேன். சேக்காளி என்று, சிநேகிதன் என்று சொல்லியிருக்கிறீர்கள். நான் உங்களை ஒரு நாளும் அப்படி நினைக்கத் துணிந்ததில்லை. எனக்கு நீங்கள் மகளின் மாமனார், பெரிய இடம், குறை வைக்கக்கூடாத ஆள்.

வெட்டாமல் விட்ட செடி இந்தப் பங்குனியில் உச்சியில் நாலு பூவைக் காட்டிவிட்டு நின்றுகொண்டது. அதனால்தான் இன்று நானே இறங்கினேன். சேலையை அலசிப் போட்டுவிட்டு மறுபடியும் வெட்டினேன். முழங்கால் அளவு, கணுவுக்கு மேலே சாய்வாக, உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்த மட்டுக்கும். சரியா தப்பா என்று கேட்க ஆள் இல்லை. உள்ளங்கையில் ஒரு கொப்புளம் வந்திருக்கிறது.

போன கார்த்திகையில் அன்று சாயங்காலம் உங்களை பஸ் ஏற்றிவிட வந்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, "வேற என்ன சம்பந்தி?" என்று கேட்டீர்கள். டிரைவர் இன்னும் ஏறவில்லை. டீக்கடையில் நின்றுகொண்டிருந்தார். நேரம் இருந்தது.

"ஒண்ணுமில்லைங்க. பாத்துப் போங்க" என்றேன்.

சொல்ல வந்தது இதுதான்: எனக்கு வெட்டத் தெரியாதுண்ணே. இன்னைக்கு ராத்திரி இருந்து சொல்லிக் குடுத்துட்டுப் போங்க.