குழாயில் நீ விட்டுச் சென்ற துளை

கடலை வீட்டுக்குள் அழைத்து வந்த என் தம்பி யோகனுக்கு,

உன் மீன்தொட்டியின் பவள உயிர்கள் நலம். நீ மறைந்தபின் சுருங்கிக் கிடந்த ஊதா நிறத்தது இப்போது வெளிச்சம் கண்டதும் விரல் விரிக்கிறது. நான் கண்ணாடியருகே நின்றால் கோடுபோட்ட மீன்கள் இரண்டும் ஓடி வருகின்றன. நீ என்று எண்ணியா, உணவு என்று எண்ணியா?

மீன்தொட்டிக்கு அடியிலுள்ள கீழ்த்தொட்டியின் நீரைப் பம்ப் வழியே மேலே ஏற்றும் உன் குழாய் வெடித்துவிட்டது. நானே புதியது பொருத்தினேன். பழைய குழாயில், மேல்தொட்டி நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு துளை இருந்ததல்லவா? எந்நேரமும் நூலாய் நீர் பீய்ச்சும் அதனைப் பழுது என்றே கருதியிருந்தேன். என் குழாயில் அக்குறை இல்லை என்று அகமகிழ்ந்தேன்.

வெள்ளி மாலை பூசை. மணி ஒலித்ததும் பம்பை நிறுத்துவது உன் வழக்கம். இப்போது அது என் பணி. இரைச்சல் அடங்கிய அமைதியில் பதிகம் பாடி முடித்துத் திரும்பினால், கீழ்த்தொட்டி நிரம்பி வழிந்து கூடமெங்கும் உப்புநீர்! கீழ்வீட்டு நூரியா படியேறி வந்தாள்.

"என்ன அங்கிள், வெளியில வெயில், எங்கட ஊட்டுக்குள்ள மட்டும் மழ!"

உன் மனைவி ரதி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையைத் துடைத்தாள். "அத்தான், மணி அடிச்சால் மீனும் இறங்கி வந்து கும்பிடும் எண்டு நினைச்சனீங்களோ? இன்னொருக்கா தண்ணி வந்தால் தொட்டியைக் கொள்ளுப்பிட்டிக் கடைக்குக் குடுத்திடுவன். அவரே இல்லை, எனக்கென்னத்துக்கு இது?"

அவள் குரலில் இருந்தது சினம் மட்டுமன்று. உன் கை வளர்த்தவற்றுள் இன்னும் உயிரோடிருப்பது இது ஒன்றே. இதை இழப்பதா?

மேலேற்றிய நீர் ஏன் வந்த வழியே இறங்கியது? மறுநாள் கீழே வாளி வைத்துப் பம்பை நிறுத்திப் பார்த்தேன். மேல்தொட்டியின் ஆழத்தில் அமிழ்ந்திருந்த குழாயின் வாய், இளநீரை உறிஞ்சுவதுபோல் தொட்டிநீரை உறிஞ்சிக் கீழே அனுப்பியது. வாயை நீருக்கு மேலே உயர்த்தினேன். களக்கென்று காற்றுப் புகுந்தது, ஓட்டம் நின்றது.

காற்றுப் புக ஒரு வழி! பல்கனியில் கிடந்த உன் குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். துளையின் விளிம்பு வட்டமாக, பிசிறின்றி இருந்தது. அது பழுதன்று, நீ ட்ரில் கொண்டு இட்டது. நீர் விரலளவு இறங்கியதும் துளை வெளிப்பட்டுக் காற்றை உள்ளே விடும். சிவலிங்கத்தின்மேல் தொங்கி நீர் சொட்டும் தாராபாத்திரத்தின் துளையை நாள்தோறும் கண்டவன் நான். உன் துளைக்கும் ஒரு பொருள் இருக்கும் என்று ஏன் தோன்றவில்லை?

புதிய குழாயிலும் அவ்விடத்தில் துளையிட்டேன். அடுத்த வெள்ளி மணி ஒலித்தது, பம்பை நிறுத்தினேன். ரதி துணியோடு தொட்டியருகே காவல் நின்றாள். நீர் சற்று இறங்கி நின்றது. அவள் துணியை உதறிக் கொடியில் போட்டாள்.

"இருக்கட்டும் அத்தான். ஆனா நூரியா கேட்டால் நீங்கள்தான் பதில் சொல்லோணும்."

ஒன்று கேட்கிறேன், தம்பி. பூசையறைப் பக்கமே வராதவன் நீ. அத்துளையை மின்வெட்டுக்காக இட்டாயா, என் பதிகத்துக்காக இட்டாயா?

உப்பும் பாசியும் அதனை அடைத்துவிடக் கூடும். இனி வெள்ளிதோறும் விளக்கேற்றுமுன் அத்துளையைத் துலக்குவேன்; அதன் பின்னரே மணி ஒலிக்கும்.

உனக்குமுன் பிறந்தும் உன்னிடம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கும்,
பெரியண்ணன்
வெள்ளவத்தை