சின்னவனுக்கு வைத்த நேர்த்தி

மாமி,

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, ரிமோட்டுக்குப் பற்றரி மாற்றலாமென்று அதன் பொலித்தீன் உறையைக் கழற்றினேன். உங்கள் தைல வாசனை குப்பென்று வந்தது. முழங்காலுக்குப் பூசிய கையால் ரிமோட்டைத் தொடவேண்டாமென்று எத்தனை தரம் சொன்னேன், கேட்டால்தானே! நீங்கள் போய்ப் பதினொரு மாதம். நல்லாய் அழுதேன். பிறகு எழும்பி, இவ்வளவு நாளும் பயந்து தள்ளிப்போட்ட, நம்முடைய ரீவித் தொடரின் கடைசிப் பாகத்தைப் போட்டுப் பார்த்தேன். பார்த்துவிட்டேன் மாமி! இதை உங்களுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது?

நறுவிலிக்குளத்து வயல்களுக்குள் வளர்ந்த நான், பள்ளிமுனைக்கு உங்கள் மருமகளாய் வந்த புதிதில் கடலைப் பார்த்தாலே பயந்தேன். உங்களோடு என்ன கதைப்பதென்றும் தெரியவில்லை. அந்த விண்வெளித் தொடர்தான் நம்மைச் சேர்த்து வைத்தது. கிழமைக்கொரு பாகம். பேச்சு இங்கிலீசில், கீழே எழுத்து சிங்களத்தில். உங்களுக்கு இரண்டும் தெரியாது. எனக்குப் பள்ளிக்கூட இங்கிலீசில் பாதி விளங்கும், மீதியை நானே கட்டிச் சொல்வேன். நட்சத்திரங்களுக்கிடையில் ஓடும் அந்தப் பெரிய கப்பலின் தலைவனுக்குச் ‘சம்மாட்டியார்’ என்று பெயர் வைத்தீர்கள். பள்ளிமுனையில் வள்ளத்துக்குச் சொந்தக்காரர் சம்மாட்டி என்றால் அங்கேயும் அவர் சம்மாட்டிதான். இயந்திரம் திருத்தும் பெடியன் ‘சின்னவன்’.

கடைசிக்கு முந்தின பாகத்தில் சின்னவன் கப்பலுக்கு வெளியே திருத்தப் போகிறான். இடுப்புக் கயிறு அறுந்து, இருட்டுக்குள் தனியே மிதந்து போகிறான். சம்மாட்டியாரோ வேலை அவசரமென்று கப்பலை விட்டுக்கொண்டு போய்விட்டார். உங்களுக்கு வந்த கோபம்! ஒரு வள்ளம் திரும்பாவிட்டால் கரையில் ஒருவரும் வலை ஏற்றமாட்டார்கள், எல்லா வள்ளமும் தேடத்தான் போகுமென்று எனக்கு அன்றைக்குத்தான் சொன்னீர்கள். “கண்டறியாத சம்மாட்டி. ஆளை விட்டிட்டுப் போறதுக்கு இவனுக்கு ஆர் கப்பல் குடுத்தது?” என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டீர்கள்.

மாமாவின் வள்ளம் திரும்பாத கதையும் அன்றைக்குத்தான் உங்கள் வாயிலிருந்து வந்தது. மூன்று நாள் கரையே தேடியதாம். அவர் உயிரோடு திரும்பவேண்டுமென்று நீங்கள் அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தீர்களாம். மாமா வரவில்லை. அதோடு அந்தோனியாரிடம் எதுவும் கேட்பதில்லையென்று இருந்தீர்கள். அப்படிப்பட்ட நீங்கள் அன்று முழங்காலில் நின்று, எனக்கு மட்டும் கேட்கும்படி மெல்லச் சொன்னீர்கள்: “அந்தப் பெடியன் உயிரோட வந்தா, செவ்வாய்க்கிழமை உனக்கு அம்பது பாண் தருவன். இந்த முறை என்னை ஏமாத்தாதை.”

எனக்குச் சிரிப்பு வந்தது, மாமி. உங்கள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

அடுத்த கிழமை பாகத்துக்கு முதலே சண்டைக்குப் பயந்து நாம் வள்ளமேறி இராமேசுவரம் போய்விட்டோம். மண்டபம் அகதி முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நிற்கும்போது திடீரென்று, “அவன் வந்திருப்பானோ பிள்ளை?” என்பீர்கள். எவனென்று நான் கேட்டதேயில்லை.

ஊருக்குத் திரும்பி, வீடு கட்டி, தலை நரைத்த பிறகு, என் மகள் அந்த முதல் பருவத்தை முழுதாய்த் தமிழ் எழுத்தோடு கொண்டுவந்தாள். கடைசிப் பாகத்தை நேரே பார்ப்போமென்று நான் துடித்தேன். “முதலில இருந்து போடு. இடையில ஏறுறதுக்கு இதென்ன பஸ்ஸே?” என்றீர்கள். செபமாலை முடிந்ததும் ஒவ்வொரு பாகமாய்ப் பார்த்தோம். என் புளுகெல்லாம் வெளிவந்தது! வைத்தியப் பெண் சம்மாட்டியாரின் பெண்சாதியென்று அந்த நாளில் சொல்லியிருந்தேன். பார்த்தால் அவள் அவருக்கு ஒரு உறவுமில்லை. “முப்பது வருசமா அவளை நீ சும்மா கட்டிக் குடுத்து வைச்சிருக்கிறாய்” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள்.

கயிறு அறுந்த பாகத்தை மறுபடி பார்த்த கிழமைதான் உங்களை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனோம். திரும்பி வந்தது உங்கள் உடல்தான். ஒரு பாகம் மிச்சம். போனில் தேடிச் சொல்கிறேனென்று மகள் சொன்னாள், வாயை மூடென்று ஏசினேன். அவன் வராவிட்டால்? இரண்டு முறை கேட்டு இரண்டு முறையும் கிடைக்காதவராய் நீங்கள் ஆகிவிடுவீர்களே, அதை நான் எப்படித் தாங்குவேன்?

கேளுங்கோ மாமி. சம்மாட்டியார் கப்பலைத் திருப்பினார்! மேலிடம் வேண்டாமென்றது. திருப்பினார். மற்றக் கப்பல்களையும் கூப்பிட்டார். எல்லாம் வேலையைப் போட்டுவிட்டு வந்தன, நம்முடைய கரை வள்ளங்கள் மாதிரி. மூச்சுக்காற்று முடியும் நேரம் சின்னவன் தன் சின்ன விளக்கை அணைத்து அணைத்துக் கொளுத்தினான். கண்டுவிட்டார்கள். உயிரோடு வந்துவிட்டான்! நான் போட்ட சத்தத்தில் உங்கள் மகன் முற்றத்திலிருந்து ஓடி வந்தார். சொன்னேன். “அம்மா இருந்திருக்க வேணும்” என்று கண்ணைத் துடைத்தார்.

இன்று செவ்வாய். ஐம்பது பாணையும் பேக்கரியில் சுடச்சுட வாங்கி, கோயிலில் ஏழைகளுக்குக் கொடுத்தேன். என்ன நன்மை கிடைத்ததென்று பாதர் கேட்டார். “மாமி தேடின பெடியன் ஒருத்தன் கிடைச்சிட்டான், பாதர்” என்றேன். சுகமாய் இருக்கிறானா என்றார். நல்ல சுகமென்றேன். அது பொய்யில்லைத்தானே?

வீட்டுக்கு வந்து உங்கள் மகனிடம், மாமாவுக்காக நீங்கள் வைத்த நேர்த்தி என்னவென்று கேட்டேன். மாமாவின் உயரத்துக்கு ஒரு மெழுகுதிரியாம். அந்த நேர்த்தி இன்னும் தீராமல் நிற்கிறது. இனி அது என்னுடையது, மாமி. மாமாவுக்காக இனி நான் காத்திருக்கிறேன். மாமாவை நான் கண்டதில்லையே, எவ்வளவு உயரமென்று கேட்டேன். இவர் எழும்பிக் கதவு நிலையோடு நின்று, தன் தலைக்கு மேல் நாலு விரல் வைத்துக் காட்டினார்.