கொடுமை என்று நீ எழுதியது

விருத்தாசலம்,
ஞாயிறு காலை.

அன்புள்ள வெண்மதிக்கு,

நான் நலம். திட்டக்குடியில் உன் அம்மா வீட்டில் நீயும் கனிமொழியும் நலமா? குழந்தைக்குச் சளி குறைந்ததா? உன் ரோஜாச் செடிகளில் ஒன்று பிழைத்துவிட்டது.

விவாகரத்து கேட்டு நீ போட்ட வழக்கின் கோர்ட் நோட்டீஸ் வந்தது. நீ என்னைப் பற்றிக் 'கொடுமை' என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் கோபம் தலைக்கேறியது. ஒரு நாளாவது உன்மேல் கை வைத்திருக்கிறேனா? குடித்துவிட்டு வந்திருக்கிறேனா? அந்தச் சொல்லுக்கு அடி உதை என்றுதான் அர்த்தம் என்று காட்ட, நூலகத்துக்குப் போய்ப் பெரிய அகராதியைக் கேட்டு வாங்கினேன். என் அறிவை என்ன சொல்ல!

அதற்குப் பழைய பொருள்களில் ஒன்று வளைவு என்று இருந்தது. கொடுங்கோல் என்றால் வளைந்த கோல். நேராக இருக்க வேண்டியது கோணிப்போவது. நான் தேடிப்போன அடி உதை அங்கே இல்லை. மூடி வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் பீங்கான் கம்பெனியில் சூளையிலிருந்து இறக்கிய தட்டுகளில் ஒரு அடுக்கு முழுக்க வளைந்திருந்தது. ஈரமாக இருந்தபோது யார் கீழே போட்டது என்று கத்தினேன். காயவைக்கும் வேலை பார்க்கும் வேம்பு அக்கா, "யாரும் போடலப்பா. காயுறப்ப ஃபேன் காத்து ஒரு பக்கமாவே பட்டுது, இழுத்துக்கிச்சு" என்றார். ஃபேனை அப்படித் திருப்பி வைத்தவன் நான்தான்.

என்னைக் கேட்காமல் வேப்பூர் ஸ்கூலில் வேலைக்குச் சேர்ந்தாய் என்று பதினோரு மாதம் உன்னிடம் பேசவில்லை. சோறு வேண்டுமென்றாலும் கனிமொழி மூலமாகத்தான். நீ காய்ச்சலில் கிடந்த அன்றும், "உங்க அம்மாவ மாத்திரை போடச் சொல்லு" என்று அவளிடம்தான் சொன்னேன். நீ கைக்கெட்டும் தூரத்தில் படுத்திருந்தாய். அடிக்காதவன் என்று எனக்கு அதில் பெருமை வேறு. வெட்கமாக இருக்கிறது, வெண்மதி.

சுட்ட தட்டை நிமிர்த்த முடியாது. ஆனால் சுடாமல் ஈரமாக இருந்தவற்றை வேம்பு அக்கா அன்றே திருப்பித் திருப்பி வைத்தார். நேற்று இறக்கினோம். எல்லாம் நேராக வந்திருந்தன.

வியாழக்கிழமை கோர்ட்டில், நீ எழுதியது அத்தனையும் உண்மை என்று சொல்லப்போகிறேன். வக்கீல் தலையில் அடித்துக்கொள்கிறார். நீ திரும்பி வந்தாலும் வராவிட்டாலும் வேலையை மட்டும் விட்டுவிடாதே.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பதிலைக் கனிமொழியிடம் சொல்லி அனுப்பாதே. திட்டுவதாக இருந்தாலும் என் முகத்தைப் பார்த்துத் திட்டு.

காத்திருக்கும்,
பிரேம்நாத்