இன்னும் சுத்தமாகப் பொறுக்கு

ஆகஸ்ட் 12

இன்றும் ஒன்றுமில்லை. ஜூலையில் எடுத்த பாசியின் சாறு முழுவதையும் கருவியில் ஓட்டிப் பார்த்தாகிவிட்டது. நான் தேடும் பொருள் இருந்தால் பீக், அதாவது முகடு, எழ வேண்டிய இடத்தில் கோடு மொட்டையாகப் போகிறது.

மணல் ஈ கடித்து ஆறாத புண் வருமே, அதன் கிருமியை ஒன்றுவிடாமல் கொன்ற பொருள் அது. முதல் வருஷம், புயல் வருகிறதென்று அவசரமாகப் பிய்த்து அப்படியே பாட்டிலில் அடைத்த பாசியில் கிடைத்தது. சோதனைகளிலேயே தீர்ந்துபோயிற்று. அதன் பிறகு இந்த வளைகுடாவில் எத்தனை முறை முங்கிவிட்டேன்! அதே பாறை, அதே செம்பழுப்புக் கற்றை. சயனோபாக்டீரியா என்று கௌரவமாக எழுதுகிறோம். கையில் எடுத்தால் குளியலறை அடைப்பில் வரும் முடிதான்.

பொருள் மறுபடி கிடைத்து, அதன் அமைப்பை வரைந்து காட்டினால்தான் ஆய்வேட்டில் கையெழுத்து என்கிறார் என் வழிகாட்டி டாக்டர் இரியார்தே. ஏழாவது வருஷம். டாவிட் நகரக் கல்லூரியில் எனக்காக வைத்திருக்கும் வேலை டிசம்பர் வரைதான்.

ஆகஸ்ட் 13

படகோட்டி க்ளிஃப்டன், காலையில்: "என்ன அரை டாக்டரம்மா, இன்னைக்கும் முடி வெட்டப் போறோமா?"

பட்டமும் இல்லை, மருந்தும் இல்லை, அதனால் அரையாம். சிரிப்பு வரவில்லை.

ஆகஸ்ட் 20

மழை. கடல் கலங்கிக் கிடக்கிறது. துணி காயவில்லை.

செப்டம்பர் 4

தலைநகரிலிருந்து இரியார்தே பேசினார். "மகளே, நீ இன்னமும் குப்பையோட சேர்த்துப் பிழியறே. அதான் ஒண்ணும் தெரியல. இன்னும் சுத்தமாப் பொறுக்கு. பாசின்னா பாசி மட்டும்தான் இருக்கணும்."

இரண்டாம் வருஷத்திலிருந்தே பொறுக்கித்தான் வருகிறேன். இன்னும் கவனமாகப் பொறுக்கினேன். தட்டின் மேல் குனிந்து, இடுக்கியால், நாள் முழுக்க. புழு, நண்டுக்குஞ்சு, அப்புறம் இந்தக் கடல் முயல்கள் — நத்தைக்கு ஓடு போனமாதிரி வழுவழுவென்று, பாசியின் நிறத்திலேயே, பாசியையே தின்றுகொண்டு ஒட்டிக்கிடக்கும். எல்லாம் வாளிக்கு. வாளி சாயங்காலம் கடலுக்கு. எல்லா ஆய்வுக்கூடத்திலும் இதுதான் முறை. கழுத்து வலி உயிர் போகிறது.

செப்டம்பர் 27

டாவிட்டிலிருந்து துறைத் தலைவி எனெய்தா. "டிசம்பருக்கு மேல என்னால பிடிச்சு வைக்க முடியாதும்மா. இங்க ஒருத்தர் பட்டத்தைக் கையில வச்சுக்கிட்டு வாசல்லயே நிக்கிறார்."

ஊரெல்லாம் இந்தத் தீவுக்கு விடுமுறைக்கு வருகிறது. நான் மட்டும் கைதி. காவல்காரரும் நல்ல மனிதர், அதுதான் கொடுமை. இரியார்தே கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டுவிட்டு எப்போதோ போயிருப்பேன். பிறந்தநாளுக்குக் கேக் அனுப்புகிறார். கையெழுத்து மட்டும் போடமாட்டார்.

அக்டோபர் 9

இதைவிடச் சுத்தமாக யாரும் பொறுக்க முடியாது. பட்டுநூல் மாதிரி இருந்தது பாசி. ஓட்டினேன். மொட்டைக் கோடு.

போதும்டா சாமி. என்னதான் வேணும் இந்தப் பாசிக்கு? என் மிச்ச வயசுமா?

வாளியைத் தூக்கிக்கொண்டு படகுத்துறை வரை நடக்கக்கூட எனக்கு இஷ்டமில்லை. நாறாமலிருக்க மிச்சமிருந்த ஆல்கஹாலை அதிலேயே ஊற்றி மூடிவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

அக்டோபர் 14

வாளியைத் திறந்தேன். ஆல்கஹால் மஞ்சளாகியிருந்தது. அந்த மஞ்சளையே பார்த்துக்கொண்டு நின்றேன். முதல் வருஷம் நான் எதையுமே பொறுக்கவில்லையே!

ஓட்டினேன்.

இருக்கிறது. அதே இடத்தில், மலை மாதிரி. பாசியில் இருப்பது கருவிக்கே தெரியாத துளி. கடல் முயல்கள் அதைத் தின்று தின்று உடம்பில் சேர்த்து வைத்திருக்கின்றன. நான் அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, தினமும் சாயங்காலம் கடலில் கொட்டிவிட்டு வந்திருக்கிறேன். சுத்தமாகப் பொறுக்கப் பொறுக்க இன்னும் சுத்தமாகத் தோற்றிருக்கிறேன்.

தரையில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷமா? ஆத்திரம்தான் கூட.

அக்டோபர் 15

இரியார்தேயிடம் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகுமென்று தெரியும். "அருமை மகளே! இனிமேதான் நிஜமான வேலையே." இன்னும் ரெண்டு வருஷம்.

நவம்பர் 2

அமைப்பு முழுதும் வரைந்துவிட்டேன். பட்டியல்களில் தேடினேன். புதிது. யாரும் இதற்கு முன் வரைந்ததில்லை. இரியார்தேக்கு அனுப்பினேன்.

உடனே போன். அவர் குரல் உடைந்திருந்தது. "எங்கேருந்து எடுத்தே?"

"ஆய்வேட்டு வைவாவுக்குத் தேதி போடுங்க டாக்டர். அங்க வந்து சொல்றேன்."

"என்னையே மிரட்டறியா?"

"ஆமா."

வைத்துவிட்டார்.

நவம்பர் 3

இந்த நாட்டின் சுதந்திர நாள். தெருவெல்லாம் பள்ளிப் பிள்ளைகளின் முரசு. சத்தத்தில் போன் மணி கேட்காமல் போய்விடுமோ என்று அறையிலேயே இருந்தேன். மணி அடிக்கவே இல்லை. அவ்வளவுதானா? எல்லாவற்றையும் நானே கெடுத்துக்கொண்டேனா?

நவம்பர் 7

செய்தி வந்தது: "டிசம்பர் 4, காலை." மகளே இல்லை, ஒன்றுமில்லை. நூறு தடவை படித்தேன்.

டிசம்பர் 4

திரையில் அந்த வாளியின் படத்தைப் போட்டேன். யாருக்கும் புரியவில்லை. கடல் முயலைக் காட்டினேன். பொறுக்கிய பாசியின் கோட்டையும் வாளியின் கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரியார்தேக்கு முதலில் புரிந்தது. முகம் சிவந்துபோயிற்று.

கேள்வி நேரத்தில் அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "வாளியை ஏன் கொட்டாம வச்சிருந்தே?"

"உங்க மேல இருந்த கோபத்துல, டாக்டர்."

கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார், முதலில் அவர் மட்டும். பிறகு கையெழுத்துப் போட்டார். நடைபாதையில் மெதுவாக, "ரெண்டு வருஷம் கூட இரேன், மகளே" என்றார். மாட்டேன் என்றேன். அணைத்துக்கொண்டார். அவர் மேல் இருந்த கோபத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை.

டிசம்பர் 10

டாவிட் வேலைக்குப் போகப் பெட்டிகளோடு படகுத்துறை. பொருளுக்கு வளைகுடாவின் பெயரையே வைத்தேன். இடத்தின் பெயரை வைப்பதுதான் எங்கள் வழக்கம். தப்பித்துப் போகிற இடத்தின் பெயரை இனி ஆயுசுக்கும் எழுதிக்கொண்டிருக்கப் போகிறேன்.

"டாக்டரம்மா, எல்லாம் ஏத்தியாச்சா?" என்றார் க்ளிஃப்டன்.

நிமிர்ந்து பார்த்தேன்.

"மருந்து இன்னும் கடைக்கு வரலையே, ‘அரை’யை எடுக்கலாமா வேணாமான்னு யோசிச்சேன்" என்றார். "சரி, போனாப் போகுது."

படகு பாறையைத் தாண்டும்போது திரும்பிப் பார்க்கவே கூடாதென்று இருந்தேன். பார்த்தேன்.