கிவியும் என் கொய்யாவும்

ஆடி 11, ஞாயிறு

சுகர் இருக்கும் மாமியாருக்கு வாரம் தவறாமல் ஆயக்குடிக் கொய்யா வாங்கித் தருகிறவள் நான். இன்று கொழுந்தன் மனைவி சுகன்யா ஒரு பெட்டி கிவியோடு வந்தாள். போனைப் பார்த்து, "இதுல அம்புட்டு விட்டமின் சி இருக்காம் அத்தை" என்று வாசித்தாள். அத்தை அவள் கன்னத்தை வழித்துக் கொஞ்சினார். என்னை ஒருநாளும் அப்படிக் கொஞ்சியதில்லை.

"அது வெளிநாட்டுப் பழம் அத்தை. கொய்யாதான் நம்ம மண்ணுல பொறந்தது" என்றேன்.

"தாவரவியல் டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அத்தை கிவி நறுக்கி வைத்த தட்டைத் தள்ளிவிட்டார். சுகன்யா முகம் சுண்டிப்போனது.

கொய்யாவும் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்ததுதான். வருசாவருசம் நானே நடத்துகிற பாடம். கிவியைவிடக் கொய்யாவில்தான் விட்டமின் சி அதிகம். அந்த உண்மையைச் சொல்லியே ஜெயித்திருக்கலாம். அவள் முகம் சுண்டுவதைப் பார்க்க எனக்கு அத்தனை அவசரம்.